நாலாவது எண்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சீனியர் அண்ணன், "நட்பு, காதல், கல்லூரிக் கலாட்டா எல்லாம் நிறைய வந்துருச்சு தம்பி. நீ எலக்ட்ரானிக்ஸ் பையன். படிப்பு சம்பந்தமா ஏதாச்சும் எழுது" என்றார். படிப்பு சம்பந்தமாக நானாகவே தெரிந்துகொண்டது ஒரே ஒரு விஷயம்தான். அதுவும் நன்றாக இருந்த ஒரு ரேடியோவைக் கெடுத்துவிட்டுத் தெரிந்துகொண்டது. அதைத்தான் எழுதுகிறேன். துருவப் பகுதி வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஆடுமே, அந்தத் துருவ ஒளிக்கும், தேவாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டுக்கும் கூட அதில் சம்பந்தம் இருக்கிறது!

அய்யாவின் ரேடியோ

போடிக்குத் தெற்கே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தேவாரம். அப்பாவைப் பெற்ற எங்கள் அய்யா வாலிப வயதிலிருந்தே மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாக்குலூத்து மெட்டுப் பாதையில் நடந்தே ஏறிப் போவாராம். காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்க அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. கண் அசந்தால் சூடு குறைந்து காய் நிறம் போய்விடும். தூக்கம் வராமல் இருக்க ஒரு ரேடியோ வாங்கினார். இலங்கை வானொலியும், இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசையும்தான் அவருக்குத் துணை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், உலகத்தில் எந்த நாட்டில் எந்த ஆட்சி கவிழ்ந்தது என்று வரிசையாகச் சொல்லுவார். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது எனக்குப் பத்து வயது. அன்றைக்கு அய்யா சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பத்தா சொன்னது நினைவிருக்கிறது.

அம்மா இன்றைக்கும் விடியற்காலை ஜீப்பில் மலைக்குக் காய் எடுக்கப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே அய்யாவோடு உட்கார்ந்து சிற்றலை கேட்கப் பழகிவிட்டேன். சிற்றலை கேட்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நிலையத்தை, எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் கேட்டோம், எப்படிக் கேட்டது என்று அந்த நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். சரியாக இருந்தால் நிலையத்திலிருந்து படம் போட்ட அட்டை ஒன்று வரும். 'எப்படிக் கேட்டது' என்பதற்கு 'சின்போ' என்று ஐந்து எண் கொண்ட கணக்கு உண்டு. முதல் எண் சிக்னலின் பலம். இரண்டாவது மற்ற நிலையங்களின் குறுக்கீடு. மூன்றாவது இரைச்சல். நாலாவது, அலை வருகிற வழியில் ஏற்படும் கலக்கம். ஐந்தாவது மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடலாம். 5 என்றால் மிக நன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் 55555 தான்! அப்படி எழுதினால் சந்தோஷப்பட்டு அட்டையோடு காலண்டரும் சேர்த்து அனுப்புவார்கள் என்று ஓர் ஆசை. அதிலும் அந்த நாலாவது எண்ணுக்கு என்ன அர்த்தம் என்றே எனக்குத் தெரியாது. தெரியாத எண்ணுக்கு 5 போடுவதில் என்ன கஷ்டம்?

செட் ரிப்பேர்

2024 மே 10, வெள்ளிக்கிழமை. பரீட்சை முடிந்து ஊரில் இருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் 19 மீட்டரில் சீன நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கி, அப்படியே அடங்கிவிட்டது. முள்ளைத் திருப்பினேன். 25 மீட்டரில் ஒன்றுமில்லை. 31-லும் இல்லை. சிற்றலை முழுவதும் காலியாகக் கிடந்தது. பேட்டரி கட்டையை மாற்றினேன், ஏரியலை நீட்டினேன், தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ம்ஹூம்!

அய்யா வந்து பண்பலைக்கு மாற்றினார். கோடை பண்பலையில் பாட்டு கணீரென்று பாடியது. "கோடை பாடுதேடா. அப்ப செட்டு எப்படிக் கெட்டிருக்கும்? செத்த நேரம் சும்மா போடு" என்றார்.

எனக்கோ டிப்ளமோ முதலாம் ஆண்டு முடித்த திமிர். "அய்யா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது. பண்பலைக்குத் தனி சர்க்யூட்டு, சிற்றலைக்குத் தனி சர்க்யூட்டு" என்றேன். பின்பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள், வெள்ளை, கருப்புத் தலையோடு சின்னச் சின்ன ஐ.எஃப்.டி. காயில்கள் இருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். எலக்ட்ரானிக்ஸ் தோழர்கள் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அந்த மூன்றும் 455 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கம்பெனியிலேயே சரியாக வைத்து அனுப்புவது. கருவி இல்லாமல் கை வைக்கவே கூடாது. நான் வைத்தேன். அதோடு சிற்றலை, மத்திய அலை இரண்டும் நிஜமாகவே போயின.

என் நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'செட் ரிப்பேர்' என்று எழுதிவைத்தேன். சாயங்காலம் மலையிலிருந்து வந்த அம்மாவிடம் அய்யா புகார் சொன்னார். அம்மா சொன்னது, "படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா." அய்யா அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தேன். லடாக்கில் ஹான்லே என்ற ஊரில் ராத்திரி வானம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

சூரியன் செய்த வேலை

நடந்தது இதுதான். அந்த வாரம் சூரியனில் மிகப் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று பூமியைப் பார்த்தபடி இருந்தது. மே 10-ஆம் தேதி நம் நேரப்படி பகல் 12 மணி 24 நிமிடத்துக்கு அதில் எக்ஸ் 3.9 என்ற அளவுள்ள வெடிப்பு உச்சத்துக்கு வந்தது. அதிலிருந்து கிளம்பிய எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சூரியன் யார் தலைக்கு மேலே இருந்தது? நம் தலைக்கு மேலேதான்!

நமக்கு மேலே 60 கிலோமீட்டரிலிருந்து 90 கிலோமீட்டர் வரை 'டி' அடுக்கு இருக்கிறது. அதற்கு மேலே 'ஈ' அடுக்கு, அதற்கும் மேலே 'எஃப்' அடுக்கு. சிற்றலையைத் திருப்பி அனுப்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்ட வைப்பது முக்கியமாக எஃப் அடுக்கு. டி அடுக்கு அதற்கு எதிரி. போகும் அலையையும் திரும்பும் அலையையும் விழுங்கும். சாதாரண நாளில் கொஞ்சம் விழுங்கும். எக்ஸ் கதிர் வந்து தாக்கினால் மொத்தமாக விழுங்கிவிடும். கதிர் அடங்க அடங்க மேல் அலைவரிசைகள் முதலில் திரும்பி வரும், கீழ் அலைவரிசைகள் பிறகு வரும். பண்பலை வானத்து அடுக்கை நம்பி வருவதல்ல. கோடை மலைக் கோபுரத்திலிருந்து நேராக வருவது. அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, அய்யா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தால் ரேடியோ தானாகவே பேசியிருக்கும்.

அதே கரும்புள்ளிக் கூட்டம் முந்தைய நாட்களில் வீசியெறிந்த சூடான மின்துகள் மேகங்கள் மெதுவாக வருபவை. சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும். அவை அன்று இரவு பத்தரை மணி வாக்கில் பூமியின் காந்தப்புலத்தில் வரிசையாக மோதின. விஞ்ஞானிகள் வைத்திருக்கும் ஐந்து படி அளவில் அது ஐந்தாவது படியை எட்டியது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்தப் படி வந்தது அப்போதுதான். துருவத்தைச் சுற்றி மட்டும் தெரிய வேண்டிய ஒளி, 33 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஹான்லேயில் கேமராவில் சிவப்பாக விழுந்தது. பச்சை ஒளி 100 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றுவது. சிவப்பு 200 கிலோமீட்டருக்கும் மேலே தோன்றுவது. தூரத்தில் இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே அந்த உச்சிச் சிவப்பு மட்டும்தான் தெரியும். ஊருக்குள் நிற்பவனுக்குக் கோபுரத்தின் கலசம் மட்டும் தெரிவது போல!

இருபது வருடத்துக்கு ஒரு முறை வருகிற ராத்திரி அது. கேட்பதற்கு என்னிடம் ரேடியோ இல்லை. நானே கெடுத்து வைத்திருந்தேன்.

வடக்கே கேட்பவர்களும் தெற்கே கேட்பவர்களும்

துருவ ஒளி வடநாட்டு ரேடியோ ரசிகர்களுக்கு வேறு மாதிரி அனுபவம். பின்லாந்தின் லாப்லாந்துக்குக் குளிர்காலத்தில் ரசிகர்கள் கூட்டமாகப் போய், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குக் காட்டுக்குள் கம்பி இழுத்து வைத்துக் கேட்பார்கள். அங்கே அப்போது நாளெல்லாம் இருட்டு என்பதால் டி அடுக்கு தொந்தரவு செய்யாது. வட அமெரிக்க மத்திய அலை நிலையங்கள் துருவத்துப் பக்கமாகத் தாண்டி வந்து விழும். ஆனால் துருவ ஒளி தோன்றிவிட்டால், அதே மின்துகள்கள் கீழே இறங்கி அலையை விழுங்கிவிடும். வடக்கு வழி அடைபட்டுப் போகும். அப்போது வடக்கு நிலையங்கள் இருந்த இடத்தில், சாதாரணமாகக் கேட்காத தென் அமெரிக்க நிலையங்கள் எட்டிப் பார்க்கும். ஒரு கதவு சாத்தினால் இன்னொரு கதவு திறக்கிறது!

அங்கேயே ஹாம் ரேடியோக்காரர்கள் இதை வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள். துருவ ஒளி தோன்றியதும் வி.எச்.எஃப். ஏரியலை, பேச வேண்டிய ஊரை விட்டு, வடக்கே திருப்புவார்கள். அலை அந்த ஒளித் திரையில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். மோர்ஸ் ஒலி ரம்பம் அறுப்பது போலவும், மனிதக் குரல் ரகசியம் பேசுவது போலவும் கேட்குமாம்.

நம் கதை நேர் எதிர். தேவாரம் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போகிறது. 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டி, 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. புயல் நாட்களில் அதன் போக்கே மாறும். சில வேளை திசை கூடத் திரும்பும். திருநெல்வேலியில் இதற்கென்றே ஆய்வு நிலையம் இருக்கிறது. நமக்குப் பக்கத்து மலையான கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறது. இவ்வளவு பேர் ஆராயும் வானத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் 55555 எழுதிக்கொண்டிருந்தேன்!

துருவ ஒளி தேவாரத்தில் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து நமக்கு வரும் குறுக்கு வழி வடதுருவப் பக்கமாக வருகிறது; அது முதலில் படுத்துவிடும். இலங்கையிலிருந்து வருவதற்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டையும் ஒரே ராத்திரியில் கேட்டு, ஒன்று 2, மற்றது 5 என்று நாலாவது எண்ணை நேர்மையாக எழுதினால், வடக்கே வானம் எப்படி இருந்தது என்பதைத் தேவாரத்துத் திண்ணையிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். பங்குனி, சித்திரையில் பொழுது சாய்ந்த பிறகு சில நிலையங்களின் குரல் படபடக்கும். "கோழி றெக்கை அடிக்கிற மாதிரி" என்பார் அய்யா. அது காந்த நடுக்கோட்டுப் பக்கத்து வானத்தின் கைவரிசை என்று பின்னால் படித்தேன். அய்யா அதை எத்தனையோ வருடமாகக் கவனித்து வந்திருக்கிறார். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. ஆள் வந்தபோதோ, அந்த ஆள் 5 போட்டான்.

கொலாபாவில் ஒரு கை

1859 செப்டம்பர் 2-ஆம் தேதி, பதிவில் இருக்கும் காந்தப் புயல்களிலேயே மிகப் பெரியது என்று சொல்லப்படும் புயல் பூமியைத் தாக்கியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. ஐரோப்பாவில் பல கருவிகளின் பதிவு அளவுகோலைத் தாண்டி ஓடிவிட்டது. மும்பை கொலாபா ஆய்வகத்தில் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய அளவுகள் மிஞ்சின. காந்தப்புலம் 1,600 நானோ டெஸ்லா அளவுக்குச் சரிந்ததை அவை காட்டுகின்றன. 144 வருடம் கழித்து, 2003-ல், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்தப் புயலின் பலத்தைக் கணக்கிட்டபோது இந்த எண்கள்தான் கை கொடுத்தன.

எழுதிய அந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. முன்பு பார்க்காத எண் வந்தது. பார்த்ததை எழுதினார். என்னைப் போல 'கருவி ரிப்பேர்' என்று எழுதிவிட்டு எழுந்து போயிருந்தால்?

நம் ரெக்கார்டு நோட்டு

இப்போது நம் கதைக்கு வருவோம். தோழர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் டையோடு வளைவு வரைகிறோம். எடுத்த ரீடிங்கில் எத்தனை பேருக்கு வளைவு வந்தது? வராவிட்டால் என்ன செய்கிறோம்? சீனியரின் ரெக்கார்டை வாங்கி, அதில் இருக்கும் எண்ணில் அங்கே இங்கே ஒரு புள்ளி மாற்றி எழுதுகிறோம். நானும் செய்திருக்கிறேன். எல்லோருடைய கிராஃபும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கிறது. மீட்டர் கெட்டிருந்தால் கூட நமக்குத் தெரியாது. ஏனென்றால் மீட்டரை யாரும் பார்க்கவே இல்லை!

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சரியாக வராத ரீடிங்குக்கு மார்க் குறைத்தால் மாணவன் சரியாக வந்த மாதிரி எழுதத்தான் செய்வான். 'எனக்கு இப்படித்தான் வந்தது, காரணம் இதுவாக இருக்கலாம்' என்று எழுதுகிறவனுக்கும் முழு மார்க் கிடைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சிலர் கேட்கலாம்: "சிற்றலையே செத்துப் போச்சு. ஆதித்யா எல்-1 மேலே இருந்து சூரியனைப் பார்க்குது. போனைத் தட்டினா எல்லாம் தெரியுது. நீ எதுக்குப்பா நோட்டும் கையுமா?" நியாயமான கேள்விதான். தமிழில் கேட்டுப் பழகிய பல நிலையங்கள் சிற்றலையை விட்டுப் போய்விட்டன. ஆதித்யா எல்-1 அந்த மே மாத வெடிப்புகளை அருமையாகப் பதிவு செய்தது, நமக்குப் பெருமைதான். ஆனால் அது சொல்வது சூரியனில் நடந்ததை. தேவாரத்துக்கு மேலே வந்த அலைக்கு என்ன ஆனது என்று தேவாரத்தில் கேட்டவன்தான் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் ஹாம் ரேடியோ ரசிகர்களின் பதிவுகளை வைத்து விஞ்ஞானிகள் வானத்து அடுக்கை ஆராய்ந்தார்கள். 2004 சுனாமியில் அந்தமானில் போன் எல்லாம் செத்தபோது செய்தி சுமந்தது ஹாம் ரேடியோதான். எந்த வழி எப்போது அடைபடும் என்று தெரிந்தவன் இருந்தால்தான் அந்த ரேடியோவும் ஆபத்தில் உதவும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் சொன்னால் வீட்டில் நம்பிவிடுகிறார்கள். மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்கிறார்கள். பேங்க் பாரத்தை நீட்டுகிறார்கள். மோட்டார் ஓடாவிட்டால் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால், மறுத்துக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அய்யா ஒருவர் கேட்டார். அவரையும் என் படிப்பைக் காட்டியே வாயடைத்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் பழகும் பொய் அங்கேயே நின்றுவிடுவதில்லை, வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். தீர விசாரிக்கும் வரை, கண்டதைக் கண்டபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதி வைத்தால் போதும். காரணத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள்

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு நிதியில் நம் துறைக்கு ஒரு சிற்றலை ரேடியோவும் ஒரு நீள நோட்டும் வாங்கித் தாருங்கள். தினமும் ஒரு மாணவர் பத்து நிமிடம் கேட்டு ஐந்து எண் எழுதட்டும். 'ஒன்றும் கேட்கவில்லை' என்பதையும் எழுதட்டும். மூன்று வருடத்தில் பெரிய விஞ்ஞானம் வருமோ வராதோ, பார்த்ததை எழுதும் பழக்கம் வரும்.

அய்யாவின் ரேடியோவை ஆய்வகத்தில் சிக்னல் ஜெனரேட்டர் வைத்து எங்கள் பயிற்றுநர் சரிசெய்து கொடுத்தார். முன்பு இருந்த அளவுக்கு இல்லை என்றாலும் பேசுகிறது. ஊருக்குப் போனால் இருவரும் திண்ணையில் உட்காருகிறோம். "இன்னிக்கு நாலாவதுக்கு என்னடா நம்பரு?" என்று கேட்பார். சில நாள் நான் 3 என்பேன், அவர் 2 என்பார். சண்டை போட்டு, பெரும்பாலும் அவர் சொன்னதையே எழுதுகிறேன்.

மே 10-ஆம் தேதிப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. 'செட் ரிப்பேர்' என்பதை அடிக்கவும் இல்லை. அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'பகல் 12 மணிக்கு மேல் சிற்றலை முழுவதும் கேட்கவில்லை. கோடை பண்பலை நன்றாகக் கேட்டது. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.'

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை